ஏழாவது காட்சியில் உறையாது

ஏழெட்டு நிமிடம்தான் இருந்தது. அதற்குள் ஒரே ஒரு வரியைச் சேர்த்துவிட வேண்டும்.

புரோகிராமர் தன்னுடையது அல்லாத நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தன்னுடையது அல்லாத கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், காபி மெஷின் முன்னால் நின்று யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள் ஸ்கேனர். வீட்டில் வைத்த பெயர் வேறு. இது அலுவலகம் வைத்தது. நாற்பதாயிரம் வரி கம்ப்யூட்டர் கோடில் ஒரு புள்ளி இடம் மாறி உட்கார்ந்திருந்தாலும் பிடித்து வெளியே இழுத்துவிடுவாள்.

காலையில் வந்ததும் வராததுமாக அவள்தான் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

“சார், சத்தங்களை ஏத்துற ஃபைல் மட்டும்தான் பாக்கி. காபி குடிச்சிட்டு வந்து அதைப் பிரிச்சு மேய்ஞ்சிடறேன்.”

புரோகிராமரின் மானம் அந்த ஃபைலில்தான் இருந்தது.

‘வரைபடக்காரி’ என்ற வீடியோ கேம் வெளிவந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. காணாமல் போன அப்பாவைத் தேடி, கையில் பாதி கிழிந்த வரைபடத்தோடு காடு மலையெல்லாம் திரியும் ஒரு பெண்ணின் கதை. அதை இப்போது தூசி தட்டி, புதுத் திரைகளுக்காகப் பளபளவென்று மாற்றிக்கொண்டிருந்தது இந்த ஸ்டூடியோ. பழைய கோடு புரிந்த ஒரே ஆள் என்று அவரை ஆலோசகராகக் கூப்பிட்டிருந்தார்கள்.

சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. படங்கள் நான்கு மடங்கு துல்லியம். சதுரத் திரைக்குப் பதில் அகலத் திரை. நிஜ வாத்தியங்களில் இசை. எங்கே வேண்டுமானாலும் நிறுத்திச் சேமிக்கலாம். ஒரு பட்டனை அழுத்தினால் பழைய படம், மறுபடி அழுத்தினால் புதுப் படம். இதற்கெல்லாம் மேலே, முதல் வரியாக, சிவப்பு மையில்: *ஏழாவது காட்சியில் உறையாது.*

உறைதல்தான் அந்த கேமின் ஊரறிந்த வியாதி. ஏழாவது காட்சியில், அருவிக்கரையில், வானத்தை மூடிக்கொண்டு நிற்கும் ஒரு பிரம்மாண்ட மரம். அந்த இடத்துக்கு வந்ததும் திரை அப்படியே கல்லாய்ச் சமைந்துவிடும். பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. டிஸ்க்குகள் கூடை கூடையாகக் கடைகளுக்குத் திரும்பின. முதலாளி எல்லோரையும் நிற்கவைத்து, யாரால் வந்தது என்று கேட்டார்.

“படம் ரொம்ப கனம் சார். மெஷின் தாங்கல” என்று சொன்னது புரோகிராமர்.

படம் வரைந்தவர் அவருடைய சொந்த அக்காவின் கணவர்.

அத்தான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? மாப்பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அடுத்த மாதமே பிரஷ்ஷை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் மாட்டும் வேலைக்குப் போனார். கல்யாணம் காட்சி என்று நாலு பேர் கூடினால், “என் மரம் ஒண்ணு போதும், கம்பெனியையே சாய்ச்சிடும்” என்று அவரே முந்திக்கொண்டு ஜோக் அடிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். புரோகிராமர் தட்டைப் பார்த்துக்கொண்டே சிரிப்பார்.

தப்பு மரத்தில் இல்லை. சத்தங்களை ஏற்றும் ஃபைலில், புரோகிராமர் எழுதியதில், ஒரு வரி விட்டுப்போயிருந்தது.

அந்த வரியைத்தான் இப்போது தட்டினார். சேமித்தார். எழுந்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு தன் மேஜைக்குப் போய், எதையோ மும்முரமாகப் படிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். உறைதல் தானாக நின்றுவிடும். ஏன் நின்றது என்று ஒருவருக்கும் தெரியாது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அத்தான் வரப்போகிறார். வந்து, புதுத் திரைக்காக வரைந்ததைக் கொடுத்துவிட்டு, வந்த வழியே போய்விடுவார்.

ஸ்கேனர் வந்து உட்கார்ந்தாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

“யாருங்க இது? நான் எழுதாத வரி என் பேர்ல ஏறியிருக்கு!”

எந்த வரியை யார் எப்போது சேர்த்தார்கள் என்று இந்தக் காலத்து மெஷின்கள் நிமிடக் கணக்கோடு குறித்துவைக்கும் என்பது புரோகிராமருக்குப் பதற்றத்தில் மறந்துபோயிருந்தது.

“நான்தாம்மா” என்றார் ஈனஸ்வரத்தில். “சும்மா... ஒரு சந்தேகம்...”

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். மேலே போனாள், கீழே வந்தாள். கேமை ஓடவிட்டாள். ஆறாவது காட்சி. ஏழாவது காட்சி. மரம் வந்தது. வரைபடக்காரி மரத்தைத் தாண்டி ஜாலியாக நடந்து போனாள்.

வீல் என்று ஒரு சத்தம். கத்தியது ஸ்கேனர்தான்.

“எல்லாரும் இங்க வாங்க! சார் பிடிச்சிட்டாரு! மூணு மாசமா நான் மண்டையை உடைச்சிக்கிட்டேன், மனுஷன் காபி ஆறறதுக்குள்ள ஒத்த வரில முடிச்சிட்டாரு!”

பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். கை தட்டினார்கள். ஒருவன் முதுகில் ஓங்கித் தட்டி, “அந்தக் காலத்து ஆளுன்னா சும்மாவா!” என்றான். இன்னொருத்தி சிவப்பு வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். ஒவ்வொரு கைதட்டலும் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது.

“என்னடா இது? வீட்டுக்குக் கூப்பிட்டா வேலை தலைக்கு மேல இருக்குங்கற. இங்க பாத்தா கச்சேரி மாதிரி கை தட்டிட்டு இருக்கீங்க!”

வாசலில் அக்கா. அவள் பின்னால், கக்கத்தில் ஒரு நீளக் குழாயை இடுக்கிக்கொண்டு, செருப்பை வெளியே விடுவதா வேண்டாமா என்று தயங்கியபடி அத்தான்.

அகலத் திரைக்கு மரத்தின் இரண்டு பக்கமும் படம் நீள வேண்டும். அதைப் பழைய கையே வரைந்தால்தான் பொருந்தும் என்று அவருக்குக் கடிதம் எழுதியது ஸ்கேனர். புரோகிராமரிடம் யாரும் கேட்கவில்லை.

அத்தான் குழாயிலிருந்து தாளை உருவி மேஜைமேல் விரித்தார். நாலு மூலையிலும் நாலு காபிக் கோப்பையை வைத்தார்கள்.

அதே அருவி. அதே மரம். ஆனால், நீண்ட நோயில் கிடந்து எழுந்த மனிதரைப் போல இருந்தது. பழைய மரத்தில் இலைகளுக்கு நடுவே வானத்தைத் தேட வேண்டும். இதில் பத்துப் பன்னிரண்டு கிளை, ஆங்காங்கே கொத்தாக நாலு இலை, மிச்சமெல்லாம் வெறும் வானம்.

“பக்கத்துல மட்டும் நீட்டச் சொன்னீங்க. நான் மரத்தையும் சேர்த்துப் புதுசா வரைஞ்சிட்டேன்” என்றார் அத்தான், தப்பு செய்த பிள்ளை மாதிரி. “கனம் இல்லாம. கலர்கூட நாலே நாலுதான். இந்தத் தடவை உங்க யாருக்கும் தொந்தரவு வராது.”

“ரெண்டு மாசமா இதே கூத்துதான்” என்றாள் அக்கா. “கடை விட்டு வந்ததும் உக்காருவாரு. ஒரு இலை போடுவாரு, உடனே அழிப்பாரு. என்னங்கன்னு கேட்டா, மெஷினுக்குப் பாரமாம்!”

ஸ்கேனருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “ஐயோ சார், பாரமும் இல்ல ஒண்ணும் இல்ல! இப்பதான் தெரிஞ்சுது. உங்க படத்து மேல தப்பே கிடையாது!”

அத்தான் அவளைப் பார்த்தார்.

“சத்தம்தான் சார் பிரச்னை. கடைக்குப் போறோம், ஒவ்வொரு மாடியிலயும் ஒரு பை வாங்கறோம்னு வெச்சுக்கோங்க. பழைய பையைக் கீழ வெக்காமலே அடுத்ததைத் தூக்கினா? ஏழாவது மாடியில கை விட்டுப்போகும்ல? அதான் நடந்திருக்கு. பழைய சத்தத்தைக் கீழ வைன்னு சொல்ற வரியே கோடுல இல்ல. நீங்க ஒரு காட்டையே வரைஞ்சிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது!”

அத்தான் தாளில் ஒரு வெறுங்கிளையின்மேல் விரலை வைத்தார்.

“அப்போ...” என்றார், “இலை போட்டிருக்கலாமா?”

அக்காவின் கண்கள் மெல்லத் திரும்பித் தம்பியின் முகத்தில் வந்து நின்றன.

“அந்த வரியை எழுதாம விட்டது யாருடா?”

“நான்தான்க்கா.”

ஸ்கேனர் பதறிப்போய் நடுவில் புகுந்தாள். “மேடம், அந்தக் காலத்து மெஷின்ல இதைக் கண்டுபிடிக்கறது குதிரைக் கொம்பு. யாருக்குமே தெரிஞ்சிருக்காது. இன்னிக்குப் பிடிச்சதே சார்தான்!”

“அதானே!” என்றார் அத்தான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். “அவனை ஏன்டி முறைக்கற? பாவம், அவனுக்கே தெரியாது. தெரிஞ்சிருந்தா என்கிட்ட சொல்லாம இருப்பானா?” பக்கத்தில் வந்து தோளில் கை போட்டார். “விடு மாப்ளே. போனது போகட்டும். இருபத்திரண்டு வருஷமா என் மரம்தான் குத்தவாளின்னு நெனச்சேன், இன்னிக்கு விடுதலை பண்ணிட்ட. உனக்குத்தான் நான் நன்றி சொல்லணும்.”

தலையை மட்டும் ஆட்டினால் போதும். எல்லாம் முடிந்துவிடும். புரோகிராமர் ஆட்டவும் தொடங்கிவிட்டார். பாதியில் கழுத்து நின்றது.

தோளின்மேல் இருந்த கை லேசாக, மிக லேசாக இருந்தது. எதன்மேல் வைத்தாலும் அது பாரமாகிவிடுமோ என்று பயந்து பழகிய கை.

“எனக்கு நன்றி சொல்லாதீங்க அத்தான்.”

“ஏன் மாப்ளே?”

“அது முதல் முதல்ல உறைஞ்சது டிஸ்க் வெளியே போன பிறகு இல்ல. அதுக்கு அஞ்சு மாசம் முன்னாடி. என் மேஜையில. நான் மட்டும் பாத்தேன்.” சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “என் தப்புன்னு சொன்னா, தலைமைப் பொறுப்பை வேற யாருக்காவது குடுத்துடுவாங்கன்னு பயந்தேன்.”

“அதுவும் படத்தோட கனத்தாலன்னுதானே நெனச்சிருப்ப?” என்றார் அத்தான். இன்னும் மாப்பிள்ளைக்காகத்தான் வழி தேடிக்கொண்டிருந்தார்.

“படமே இல்ல அத்தான். அப்ப நீங்க மரத்தை வரையவே ஆரம்பிக்கல. ஏழாவது காட்சியில வெறும் கறுப்புத் திரைதான் இருந்துச்சு.”