வெளியே மட்டும் நகரும் குண்டு

கோடைப் பிறப்பன்று பாவ்கென் நூற்று முப்பத்திரண்டு ஜின் எடை இருந்தான், கிலோவில் சொன்னால் அறுபத்தாறு. பட்டுக்கூடு நிறுக்கும் பெரிய தூக்குக்கோலைக் கொட்டகை விட்டத்தில் கட்டி, கொக்கியில் மூங்கில் கூடையை மாட்டி, அதில் ஆளை உட்காரவைத்து நிறுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். கோடை பிறக்கும்போது ஒரு தடவை, இலையுதிர்காலம் பிறக்கும்போது ஒரு தடவை. நடுவில் வெயில் எவ்வளவு சதையைத் தின்றது என்று பார்த்து, தின்றதைக் கறியும் கொழுப்புமாகத் திருப்பி ஏற்றிக்கொள்வார்கள்.

நிறுப்பதில் ஒரு கண்டிப்பு உண்டு. கோலின் எடைக்குண்டைச் சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்கு, வெளிப்பக்கமாக மட்டுமே நகர்த்த வேண்டும். உள்ளே இழுத்தால் கூடையில் இருப்பவரின் ஆயுளை இழுத்த மாதிரி. பன்றியை நிறுக்கும்போது எப்படி வேண்டுமானாலும் இழுக்கலாம், பன்றிக்கு யாரும் ஆயுள் பார்ப்பதில்லை.

அந்த வீட்டில் குண்டு எப்போதும் பாவ்கெனின் மனைவி லிங்தியின் கையில்தான். அன்று அவள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளித் தள்ளி நூற்று முப்பத்திரண்டில் நிறுத்தினாள்.

"அண்ணன் இன்னும் ரெண்டு ஜின் ஏறினா கசாப்புக்காரன் வந்து வாசல்ல நிப்பான் அண்ணி" என்றாள் பாவ்கெனின் தம்பி பெண்டாட்டி சூஃபென். அவள் வாய்க்கு ஊரே பயப்படும்.

"வரட்டுமே. உன்னை முதல்ல பிடிச்சுக் குடுக்கறேன்" என்று கூடையில் ஆடிக்கொண்டே சொன்னான் பாவ்கென். அந்த நாளுக்கென்று எல்லோரும் கழுத்தில் நூல்பையில் தொங்கவிடும் அவித்த முட்டையை உரித்து, அப்படியே வாயில் போட்டுக்கொண்டான்.

அடுத்த மாதமே அவன் பாதிக் கிண்ணம் சோற்றை மிச்சம் வைக்கத் தொடங்கினான். லிங்தி கலங்கவில்லை. எந்த மாதத்தில் எதைத் தின்ன வேண்டும் என்பதில் அவளை அசைக்க ஆள் கிடையாது. கோடை நெருப்பு, நெருப்பு நெஞ்சில் ஏறினால் வயிறு சுருண்டு படுத்துக்கொள்ளும், யாருக்குத்தான் வெயிலில் பசிக்கிறது? காலையில் இஞ்சித் துண்டு, மத்தியானம் பாகற்காய், சாயங்காலம் பச்சைப்பயறுக் கஞ்சி. சில்லென்றது வயிற்றுக்கு ஆகாதென்று, கிணற்றில் குளிரவைத்த தர்ப்பூசணியை அவன் கண்ணில்கூடக் காட்டவில்லை. வெயில் ஏறிய நாளில் வயல் விலாங்கு வாங்கிவந்து சோயாவில் வதக்கிக் கொடுத்தாள். இரண்டு துண்டு தின்றுவிட்டு அவன் முசுக்கட்டைத் தோட்டத்துப் பக்கம் போனான்.

அங்கே சூஃபென் இலை பறித்துக்கொண்டிருந்தாள். கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அண்ணி, அண்ணன் குனிஞ்சு நின்னு வாந்தி எடுக்கறாரு. இது இன்னிக்கு நேத்து விஷயமில்ல போல. மண்ணு போட்டு மூடி வெச்ச தடம் நாலஞ்சு இருக்கு. டவுன் ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிடலாமே?"

"வெயில்ல வாந்தி வராம பின்ன பனியிலயா வரும்? சூட்டுல கிடக்கற வயித்துல மருந்தை ஊத்தினா நிக்குமா? இலையுதிர்ப் பிறப்பு வரட்டும். வாய் தானா தொறக்கும். நான் திங்க வெச்சு ஏத்தறேன் பாரு."

வாயைத் துடைத்தபடி வந்த பாவ்கெனும் தலையாட்டினான். "லிங்தி சொல்றதுதான் சரி. வெயில் எறங்கட்டும்."

அவளுக்கு நம்பிக்கை, அவனுக்குப் பயம். ஆஸ்பத்திரி என்றாலே அவன் பேச்சை மாற்றிவிடுவான். நம்பிக்கையும் பயமும் ஒரே வீட்டில் சேர்ந்துகொண்டால் நடுவில் யார் போய் என்ன சொல்வது? சூஃபென் தோட்டத்தில் போட்டுவிட்டு வந்த இலைக்கூடையை எடுக்கப் போய்விட்டாள்.

இலையுதிர்ப் பிறப்பன்று லிங்தி விடியலிலேயே கொழுப்பு விட்ட பன்றி இறைச்சியை அடுப்பில் ஏற்றிவிட்டாள். சர்க்கரையும் சோயாவும் கொதிக்கிற வாசனை கொட்டகைவரை வந்தது. பாவ்கென் கூடையில் ஏறினான். இடுப்பில் கால்சட்டையைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தான்.

அடுப்பு ஞாபகத்தில் லிங்திக்கு அவசரம். சின்ன எண்ணிலிருந்து தொடங்காமல் குண்டை நேராக நூற்றிருபதில் மாட்டினாள். எவ்வளவு இளைத்திருந்தாலும் அதற்குக் கீழே போயிருக்காது என்று அவள் நினைப்பு. கையை விட்டாள். கோலின் வால் சரேலென்று கீழே இறங்கியது; ஆள் அதைவிடவும் எடை குறைவு.

உள்ளே இழுக்க வேண்டும். அவள் கை வரவில்லை. கொட்டகையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளங்கையை வாலுக்கு அடியில் கொடுத்து மெதுவாகத் தூக்கி, கோலை மட்டமாக்கினாள்.

"நூத்தி இருபது!" என்று சத்தமாகச் சொன்னாள்.

சூஃபென் அந்தக் கையைப் பார்த்தாள். அவள் ஏதாவது சொல்லிவிடுவாள் என்று லிங்தி பயந்தாள். சூஃபென் ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் லிங்தியை உலுக்கியது.

சாப்பாட்டில் பாவ்கென் மூன்று துண்டு இறைச்சி தின்றான். "பிரமாதம்" என்றான். லிங்தி நாலாவதையும் வைத்தாள். சாயங்காலத்துக்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. கூடவே காப்பித்தூள் மாதிரி கறுப்பாக ஏதோ வந்தது. லிங்தி மண் அள்ளிப் போட்டு மூடப் போனாள். அவன் தடுத்தான்.

"மூடினது போதும். வா, இன்னொரு தடவை நிறு."

"வேணாம்."

"நாளைக்கு டாக்டர் என்ன எடைன்னு கேப்பாரு. உன் கையோட எடையையும் சேத்தா சொல்றது?"

அவனுக்குத் தெரிந்திருக்கிறது! கூடையில் உட்கார்ந்தபடி அவள் கையைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

கொட்டகையில் அவர்கள் இரண்டு பேர் மட்டும். அவன் ஏறி உட்கார்ந்தான். குண்டு நூற்றிருபதில் இருந்தது. வால் சரிந்தது.

"இழு."

நூற்றுப் பதினைந்துக்கு இழுத்தாள். நிற்கவில்லை.

"இன்னும் இழு லிங்தி. ஒண்ணும் ஆயிடாது."

நூற்றுப் பத்து. நூற்றைந்து. கண்ணில் நீர் முட்டிக் கோலின் புள்ளிகள் அவளுக்குத் தெரியவில்லை. விரலால் தடவித்தான் கண்டுபிடித்தாள். நூற்றொன்று. முப்பத்தொரு ஜின் போயிருந்தது. நாலு வயதுப் பிள்ளை ஒன்று அவன் உடம்பிலிருந்து இறங்கிப் போயிருக்கிறது. மூன்று வேளையும் எதிரில் உட்கார்ந்து பரிமாறியவளுக்கு அது தெரியவில்லை.

மறுநாள் முதல் படகில் டவுனுக்குப் போனார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். வயிற்றை அழுத்திப் பார்த்தாள், படம் எடுக்கச் சொன்னாள், மத்தியானம் படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எப்போலேருந்து சாப்பிட முடியல?"

"கோடைப் பிறப்பு முடிஞ்சு..." என்றாள் லிங்தி.

"அப்பவே வந்திருந்தா வயித்துல இருக்கற கட்டியை அறுத்து எடுத்திருக்கலாம். இப்ப ஈரல்வரைக்கும் போயிடுச்சு. ஏம்மா, மூணு மாசமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

லிங்தி மடியில் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். இஞ்சி, பாகற்காய், பயறுக் கஞ்சி, விலாங்கு.

"அவளைக் கேக்காதீங்க டாக்டர்" என்றான் பாவ்கென். "தினம் கூப்பிட்டா. கையைப் பிடிச்சு இழுத்தா. நான்தான் வரமாட்டேன்னு முரண்டு பிடிச்சேன்."

"பொண்டாட்டி சொல்றதைக் காதுல வாங்கினா கொறைஞ்சா போயிடுவீங்க?" என்று டாக்டர் அவனைத் திட்டினாள். அவன் தலையைக் குனிந்து, தப்புச் செய்த ஆள் போலவே கேட்டுக்கொண்டான்.

லிங்தி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.