கூட வேலை செய்யிறவர்

ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் வெளியே போகும் நோயாளிகளோடு துணைக்குப் போவது இடானியாவின் வேலை. ஹவானாவுக்கு வெளியே, எய்ட்ஸ் கிருமி கண்டவர்களை அரசாங்கம் வைத்திருந்த காப்பகம் அது. உள்ளே வேளாவேளைக்கு இறைச்சிச் சோறு, வண்ணத் தொலைக்காட்சி. வாசல் தாண்ட மட்டும் கூட ஆள் வேண்டும். கரும்பு வெட்டுகிறவரின் மகளான அவள் மருத்துவம் படிக்கிறாள் என்றால் அது புரட்சி போட்ட சோறு. அதனால் காப்பகம் சொன்னதையெல்லாம் அவள் நம்பினாள்.

துணை இல்லாமல் வெளியே போக, துணைக்குப் போனவர் நற்சொல் சொல்ல வேண்டும். நோயாளிகளில் முடிதிருத்துகிற எவேலியோவுக்கும் கேப்டன் லியோனெலுக்கும் அவள் சொன்னாள். இயக்குநர் பால்டோமேரோ கேப்டனுக்குத்தான் அனுமதி கொடுத்தார்.

"அங்கோலாவுல சண்ட போட்டவரு. பொண்டாட்டி இருக்கா. ஆம்பள வாக்கு போதும்."

"எவேலியோவும் ஒழுங்காத்தான் இருக்காரு, டாக்டர்."

"அவன் அந்த மாதிரி ஆளும்மா, ஆம்பளைங்க பின்னாடி போறவன். தனியா விட்டா ஊரக் கெடுத்துருவான்."

அவள் எவேலியோவின் தாளை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சில மாதம் கழித்து ஆம்புலன்ஸிலிருந்து புது நோயாளியாக அவள் தங்கை நெரெய்தா இறங்கினாள். துணிக்கடைச் சீருடை கூட மாற்றியிருக்கவில்லை.

"எத்தன பேரு கூட பழகின?" என்றார் இயக்குநர்.

"ஒருத்தர்தான்."

"வெக்கப்படாம சொல்லு. தண்டிக்க மாட்டோம்."

"ஒருத்தர்னு சொல்றேன்ல. லியோனெல். ஞாயித்துக்கெழம மட்டும் வருவாரு."

அந்தப் பெயரை வீட்டுக்குள் கொண்டுவந்தது இடானியாதான். கேப்டனுக்கு அவள் துணையாகப் போன காலத்தில் ஒருநாள் பெருமழை. பேருந்து வரவில்லை. அவரைத் தானும் தங்கையும் இருந்த அறைக்குக் கூட்டிப்போனாள். நெரெய்தா காப்பி போட்டுக் கொடுத்தாள். நோயாளி யாரென்று வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. அவள் விதியைக் காத்தாள்.

"கூட வேலை செய்யிறவர்னு நீதானேக்கா சொன்ன?" என்றாள் நெரெய்தா.

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பாள். வழி கேட்பது போல, சாதாரணமாகக் கேட்டாள்.

மறுநாள் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். "உன் தங்கச்சிக்கு எப்பவும் துணை வேணும். பொண்ணுங்க சுலபமா ஏமாந்துருவாங்க. நீயே போ, வசதியா இருக்கும்."

"கேப்டனுக்கு?"

"பேசிட்டேன். ரொம்ப வருத்தப்பட்டாரு. மெடல் வாங்கின மனுசன் பின்னாடி ஆள் விட்டா மரியாதையா இருக்குமா?"

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். பேனா மூடியைக் கடித்தபடி அடுத்த வேலைக்குப் போய்விட்டிருந்தார்.

ஞாயிறு காலை எவேலியோ தலைவாரி, வாசனை போட்டு வாசலில் நின்றான்.

"என்ன டாக்டரம்மா, செத்த வீட்டு மூஞ்சி? எங்கம்மா கறுப்புப் பயறு வேக வெச்சிருக்கும், வா."

"நீங்க தனியாப் போங்க."

அவன் சிரிப்பு அணைந்தது. "என்னைய மாட்டி விடப் பாக்கறியா, புள்ள?"

"இல்ல. சாப்பிட்டு வாங்க. கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

அவன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தான். யாரும் பின்னால் வராமல் நடந்து பழக்கம் விட்டுப்போயிருந்தது.

தனியாகப் போகத் தொடங்கியபின் கேப்டன் ஓட்டிவந்த லாடா கார் புறப்படும்போது அவள் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யாரு உத்தரவு?"

"யாரும் இல்ல. வண்டிய எடுங்க."

"உன் தங்கச்சி விசயம்... அவளும் ஆசப்பட்டாம்மா. நான் கையப் புடிச்சு இழுக்கல."

"உங்களுக்கு நோய் இருக்குன்னு சொன்னீங்களா?"

அவர் கியரை மாற்றினார். நகருக்குள் நுழைந்ததும் அவர் வீட்டுக்குப் போகும் வழக்கமான சாலையை விட்டு வேறு தெருவில் திரும்பினார். கை பழக்கத்தில் திருப்பிவிட்டது போலிருக்கிறது. உடனே திடுக்கிட்டு வேகத்தைக் கூட்டினார். அதற்குள் இரண்டாம் மாடிப் பால்கனியில், முடியைச் சுருட்டும் கிளிப்புகள் தலையில் மாட்டிய ஒரு பெண் காரைப் பார்த்துக் கையசைத்துவிட்டாள்.

"நிறுத்துங்க."

"இடானியா, அவளுக்கும் உனக்கும் என்ன? விதி தெரியும்ல உனக்கு. வாயத் தொறந்தா உன் படிப்பே போயிரும்."

"தெரியும். நிறுத்துங்க."

கார் முனையில் தயங்கியபோதே இறங்கி, வந்த வழியே ஓடினாள். மாடிக் கதவு தட்டுவதற்கு முன்பே திறந்தது. உள்ளே காப்பி வாசனை.

"லியோனெல் எங்க?" என்றாள் அந்தப் பெண். "நீங்க அவரு கூட வேலை செய்யிறவங்களா?"

"இல்ல," என்றாள் இடானியா. "உக்காருங்க, சொல்றேன்."