படியில் விழுந்தவன்

1

இந்தக் கதையைக் கோபத்தில்தான் தொடங்கினேன். அதை ஒளித்துப் பயனில்லை. செபு நகரில் நான் வேலை பார்க்கும் மருத்துவக் கல்லூரியில் போன மார்ச் மாதம் கௌரவச் சங்கத்தின் விழா நடந்தது. இறுதியாண்டில் முதல் பத்து இடம் பிடித்தவர்களுக்கு மேடையில் பதக்கம் குத்துவார்கள். கையில் மெழுகுவர்த்தி, வாயில் "உயிரே முதல்" என்ற உறுதிமொழி. பத்து நாற்காலி போட்டு ஒன்பது பேரை உட்கார வைத்தார்கள். பத்தாவது நாற்காலியை எடுத்துவிடக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அதன்மேல் யாரோ கைப்பையை வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே எழுத உட்கார்ந்தேன்.

(கல்லூரியின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால், 'ஓ, அங்கேயா?' என்று மற்றக் கல்லூரிக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள்.)

முதலில் எழுதிய வரி: மழை கொட்டிய அந்த நள்ளிரவில்—

அடித்துவிட்டேன். மழையும் இல்லை, நள்ளிரவும் இல்லை. பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி, பளீரென்று வெயில். அக்கிரமத்துக்கு இருட்டு வேண்டும் என்று எழுதுகிறவர்கள்தான் நினைத்துக்கொள்கிறோம்.

2

மெலிதா கபாஹுக் இறுதியாண்டு மாணவி. அவசர சிகிச்சைப் பிரிவில் அன்று அவள் முறை. இஸ்திரி கலையாத சட்டையோடு மூன்று மாணவர்கள் நான்காமவனைத் தூக்கிவந்தார்கள். அவன் எலிசர் லபஸ்தீதா, இரண்டாமாண்டு. குப்புறத்தான் படுக்க முடிந்தது அவனால்.

"படியில விழுந்துட்டான் டாக்டர்," என்றான் மூவரில் உயரமானவன்.

மெலிதா துணியை விலக்கிப் பார்த்தாள். இரண்டு தொடைகளின் பின்பக்கமும் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, தொட்டால் பலகை போல இருந்தன.

"எத்தன படி?"

"ஒரு பத்து இருக்கும்."

"பத்தும் ஒரே எடத்துலயா அடிச்சுது? வரிசைல நின்னு அடிச்சுதாடா?"

குழாய் வழியே இறங்கிய சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. நசுங்கிய தசை கரைந்து சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருந்தது. இன்னும் அரை நாள் அவனை அறையிலேயே ஒளித்து வைத்திருந்தால் பிணமாகத்தான் தூக்கியிருப்பார்கள். மெலிதா சலைன் ஏற்றினாள், ரத்தம் எடுத்து அனுப்பினாள், பிறகு கேஸ் ஷீட்டில் எழுதினாள்: 'தட்டையான மட்டையால் பலமுறை அடிக்கப்பட்ட காயங்கள். படியில் விழுந்ததற்குப் பொருந்தவில்லை.'

எந்த மட்டை என்று எங்கள் கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். சகோதரர் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. அடி வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். போய்விட்டால் பழைய கேள்வித்தாள் கிடைக்கும், நல்ல பிரிவில் பயிற்சி கிடைக்கும், நாளைக்குத் துறைத் தலைவரே தோளில் கை போட்டுத் "தம்பி" என்பார். சட்டம் தடுத்திருக்கிறது. அந்தச் சட்டத்தை அச்சடித்து அறிவிப்புப் பலகையின் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

3

பத்து மணிக்கு டாக்டர் தான்சிங்கோ வந்தார். அறுவைத் துறையில் மூத்தவர், சகோதரர் சங்கத்தின் பழைய ஆள். இவரை வில்லனாக எழுத மூன்று முறை முயன்று தோற்றேன். அவர் பையனை நன்றாகவே கவனித்தார். ஞாயிற்றுக்கிழமையில் டயாலிசிஸுக்கு ஆள் பிடித்தவர் அவர்தான். அவன் தலையைக்கூடத் தடவிக்கொடுத்தார். இதையெல்லாம் எழுத எழுத என் கோபம் கூடியதே தவிர, குறையவில்லை.

"நல்லாப் பாத்திருக்கம்மா," என்றார் மெலிதாவிடம். "அந்தக் கடைசி ரெண்டு வரி மட்டும் வேணாம். நீ என்ன போலீஸா?"

"பாத்தத எழுதினேன் சார்."

"அடுத்த மாசம் உனக்குப் பதக்கம் இருக்குல்ல?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்ல. இல்லாமயே இருக்கட்டும்னுதான் சொல்றேன்."

அவள் மாற்றவில்லை. அன்று பிற்பகல், ரெக்கார்டு ரூமிலிருந்து ஒருவர் புதிய தாளை எடுத்துக்கொண்டு—

[இந்த வாக்கியத்தை ஒரு வாரம் இப்படியே விட்டுவைத்தேன். 'ஒருவர்' இல்லை. நான். பன்னிரண்டு வருடமாக அந்த அறையில் இருப்பவள் நான்தான். தான்சிங்கோ வெற்றுத்தாள் கேட்டார், கொடுத்தேன். 'படியில் விழுந்தான்' என்று அவர் எழுதியதைக் கோப்பில் கோத்தேன். பழைய தாளைக் கிழிக்கச் சொன்னார், கிழித்தேன். என் மகள் அந்தக் கல்லூரியில் கட்டணச் சலுகையில் படிக்கிறாள் என்று ஒரு காரணம் எழுதி, அதையும் அடித்தேன். காரணம் உண்மைதான். இருந்தாலும்.]

4

மெலிதா டீனுக்குப் புகார் எழுதினாள். விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்தார்கள், அதில் இரண்டு பேர் சகோதரர் சங்கத்துக்காரர்கள். பிழைத்தெழுந்த எலிசர் சக்கர நாற்காலியில் வந்து, படியில் விழுந்தேன் என்றான். கோப்பைக் கொண்டுவரச் சொன்னார்கள், கொண்டுபோனேன். கோப்பும் அதையேதான் சொன்னது. நோயாளியின் விஷயத்தை வெளியில் பேசினாள் என்று குற்றம் சாட்டி மெலிதாவின் பெயரைக் கௌரவச் சங்கப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். உயிரே முதல்!

எலிசரைக் கோழையாகத்தான் எழுதி வைத்திருந்தேன். கோப்பைத் திரும்ப வாங்கத் தாழ்வாரத்தில் காத்திருந்தபோது அவர்கள் இருவரும் பேசியது காதில் விழுந்தது. அதை நினைத்துப் பார்த்து அந்தப் பக்கத்தைக் கசக்கிப் போட்டேன்.

"எதுக்குடா பொய் சொன்ன? செத்திருப்பே!"

"உங்கள யாருக்கா கூப்பிட்டா?"

"உன் ஒடம்பு கூப்பிட்டுச்சு."

"நாப்பத்தேழு அடி. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பாங்க. நான் சொல்லல. எங்க வீட்டுல இதுவரைக்கும் ஒருத்தனும் ஒரு டாக்டரோட கை குலுக்கினதில்ல. இன்னிக்கி எனக்கு அறுபது அண்ணன் இருக்காங்க. அது குத்தம்னு நீங்க நிரூபிச்சுட்டா நான் யாரு? சும்மா அடி வாங்கின கழுதையா?"

மெலிதா குனிந்து அவன் கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தாள். "தண்ணி நெறையக் குடி. மாத்திரைய நிறுத்தாத," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

(அவள் அழுதாள் என்று ஒரு வரி இங்கே இருந்தது. பன்தயான் தீவில் ஒரு சிறிய சுகாதார நிலையத்தில் இப்போது வேலை பார்க்கிறாள். தொலைபேசியில் கேட்டேன். "கோவத்துல காதே அடைச்சுப்போச்சு, அழ எங்கக்கா நேரம்?" என்றாள். தாளை மாற்றியவள் நான்தான் என்று அப்போது சொன்னேன். "இத கதையில எழுதினீங்களா?" "எழுதிட்டேன்." "கதையில எழுதி என்னக்கா ஆகப்போவுது?")

5

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். முதலாவதில் டீன் பதவி விலகுகிறார். சிரிக்காதீர்கள். இரண்டாவதில், அடுத்த ஆண்டு எலிசர் ஒரு புதுப் பையன்மேல் மட்டையை ஓங்கி, பாதியில் கீழே போடுகிறான். அழகாக இருந்தது. அதனாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை. மூன்றாவதில்—

மூன்றாவதை ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்து இன்று காலை எழுதிக்கொண்டிருந்தபோது எலிசரின் அம்மா சன்னலுக்கு வந்தார். சந்தையில் கருவாடு விற்பவர். மகனைத் தூக்கிவந்த மூன்று பேருக்கும் ஓலைப் பொட்டலச் சோறும் பன்றி வறுவலும் கொண்டுவந்து, கையைப் பிடித்து அவர் நன்றி சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். மகனுக்குச் சிறுநீரகம் இன்னும் முழுதாகத் தேறவில்லையாம்.

"ஒரு ஒதவி செய்யணும் மேடம். அந்தப் படிக்கட்ட எனக்குக் காட்டணும்."

"எதுக்குங்க?"

"என் தம்பி கொத்தனாரு. கைப்புடி இல்லாத படியாத்தான் இருக்கும். கூட்டியாந்து போட்டுடச் சொல்றேன். இன்னொருத்தி பெத்த புள்ள விழக்கூடாதுல்ல? இவனக் கேட்டா கத்துறான். அந்தப் பசங்களக் கேட்டா ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துச் சிரிக்கிறானுங்க."

உண்மையைச் சொன்னால் அவர் நேரே டீன் அறைக்குப் போவார். என் வேலை போகும், எலிசர் தன் அம்மா முகத்தில் விழிக்கமாட்டான். சொல்லாவிட்டாலும் சங்கடமில்லை. இந்தக் கட்டடத்தில் படிக்கட்டுக்கா பஞ்சம்? ஏதாவது ஒன்றைக் காட்டலாம். கொத்தனார் வருவார், வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டுப் போவார்.

நான் என்ன சொன்னேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் என்னைப் பாராட்டியோ திட்டியோ நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். அந்த வசதியை உங்களுக்குத் தர எனக்கு மனமில்லை. நடந்தது முழுவதும் இப்போது உங்களுக்கும் தெரியும். நான் எழுந்து நாற்காலியைக் காலி செய்கிறேன், சன்னலுக்கு நீங்கள் வாருங்கள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்:

"எந்தப் படிங்க அது? மொத மாடியா, ரெண்டாவதா?"