பதினான்கு ஓக் மரங்கள்

அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிக்கொண்டிருந்த காலம். ஜாஸ்பர் மாசசூசெட்ஸில் தன் அக்கா வீட்டுக்கு வந்து பதினோரு வாரமாகியிருந்தது. இன்னும் இரண்டு வாரம் யாரும் அவனை முறைப்படி "போ" என்று சொல்லாமல் விட்டால், சட்டப்படி அவனும் ஆறு வயது மகள் ஜோனும் இந்த ஊர்க்காரர்கள். வர்ஜீனியாவின் ஆற்றங்கரைக்குத் திரும்ப வேண்டியதில்லை. அங்கேதான் அவன் மனைவி காய்ச்சலில் போனாள். போன கோடையில் மகளுக்கும் அதே காய்ச்சலின் குளிர் நடுக்கம் கண்டது.

"விருந்தாளி மாதிரி சும்மா இரு தம்பி, அது போதும்," என்று அக்கா பேஷன்ஸ் முதல் நாளே சொல்லியிருந்தாள்.

சும்மா இருப்பது மட்டும் அவனுக்கு வரவில்லை. வர்ஜீனியாவில் புகையிலை நாலைந்து வருடத்தில் மண்ணைத் தின்று தீர்த்துவிடும். அதனால் புது நிலம் தேடித் தேடி ஆளுக்கொரு மூலையில், மைல் கணக்கில் தள்ளி இருப்பார்கள். யார் வந்தாலும் படுக்கை உண்டு. வேலைக்கு இரண்டு கை கூடுகிறதே. இங்கே அப்படியில்லை. வீடுகள் எல்லாம் ஜெபக்கூடத்தைச் சுற்றி ஒட்டி நிற்கின்றன. வயலையும் புல்வெளியையும் ஊர்க்கூட்டம்தான் பங்கு பிரித்துத் தருகிறது. ஓர் ஆள் கூடினால் எல்லார் பங்கும் குறையும். கதவு அத்தான் எலிஹுவுடையது. உள்ளே யார் தூங்கலாம் என்பதை ஊர் சொல்லும்.

உழைப்பாளி என்று தெரிந்தால் வைத்துக்கொள்வார்கள் என்று ஜாஸ்பர் நினைத்தான். ஏழாவது வாரம் கோடரியோடு ஊரோரக் காட்டுக்குப் போய், பத்து வருடமாகச் செய்து பழகியதைச் செய்தான். மரத்தைச் சாய்க்கத் தேவையில்லை. அடியில் பட்டையையும் அதன் கீழுள்ள வெள்ளைக் கட்டையையும் சுற்றிலும் ஒரு வளையமாக வெட்டி எடுத்தால் போதும். வேரிலிருந்து தண்ணீர் ஏறும் வழி அடைபட்டுவிடும். இலை காயும், வெயில் தரையில் விழும், நிற்கிற மரங்களுக்கு நடுவிலேயே மக்காச்சோளம் போடலாம். பதினான்கு ஓக் மரங்களை ஒரே நாளில் முடித்தான்.

ஜூன் மாதத்தில் காடு முழுக்கப் பச்சை. பதினான்கு மரம் மட்டும் பழுப்பு. ஜெபக்கூடத்து வாசலில் நின்றாலே தெரிந்தது.

ஊர்க்காவலர் தர்ஸ்டன் காகிதத்தோடு எலிஹு வீட்டுக்கு வந்தார்.

"ஏம்ப்பா, உங்க பக்கம் விருந்துக்கு வர்றவன் காட்டையும் சேத்துத்தான் தின்னுட்டுப் போவானா?"

"அது சும்மா கெடந்த எடம்யா."

"சும்மா கெடக்கட்டும்னு நாங்கதானே விட்டு வச்சிருக்கோம் மச்சான்!" என்று எலிஹு தலையில் அடித்துக்கொண்டார். "அது ஊர்க்காடு. ஒரு உத்தரம் வெட்டணும்னாலும் நான் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு கேக்கணும்."

"நீ இருக்கறத யாரும் பெருசா எடுத்துக்கல," என்றார் தர்ஸ்டன். அவர் குரலில் கோபமில்லை. "கோடை வந்தா கெளம்பிடுவான்னு நெனச்சோம். மரத்தக் கொன்னவன் அடுத்த வருச வெதப்புக்கு எடம் புடிக்கிறான்னு எங்களுக்குத் தெரியாதா? பதினாலு நாள்ல ஊர விட்டுப் போயிடணும், இந்தா காகிதம்."

வளையம் வெட்டிய மரம் திரும்பத் துளிர்க்காது என்பது அங்கிருந்தவர்களில் ஜாஸ்பருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"புள்ளையாவது இருக்கட்டும்யா."

"காகிதத்துல ரெண்டு பேரோட பேரும் இருக்கு."

பேஷன்ஸ் கணவனைப் பார்த்தாள். எலிஹு தரையைப் பார்த்தார். "வச்சுக்கிட்டா அடுத்த கூட்டத்துல நம்ம பங்கப் பத்திப் பேச்சு வரும், பேஷன்ஸ்." அவள் ஜோனின் துணிகளை மடிக்கத் தொடங்கினாள்.

பாஸ்டனிலிருந்து கப்பல் ஏறினால் ஜூலை நடுவில் வர்ஜீனியா ஆற்றைச் சேரலாம். காய்ச்சல் வீடுவீடாக ஏறும் மாதம் அது. பதினோரு வாரத்தில் ஜோனுக்குக் கன்னம் உப்பியிருந்தது. பட்டாணிக் கஞ்சியை வழித்துத் தின்றபடி கேட்டாள்.

"அங்க போனா மறுபடி எனக்குக் குளிருமாப்பா?"

"கோடையில எப்படிம்மா குளிரும்?" என்றான். பிறகு அக்காவிடம் திரும்பி, கனமான கம்பளி ஒன்று இருந்தால் கொடு என்று கேட்டான்.