கருவாயனுக்கு ஒரு கல்

லியோன் அடித்த பிளெக்ஸ் பேனரில் இருந்த நாயை எங்கள் ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. காதை விறைத்துக்கொண்டு, கழுத்தில் தோல்பட்டையோடு, போலீஸ் வேலைக்குப் போகிற அல்சேஷன் நாய். கீழே கொட்டை எழுத்தில் ‘எங்கள் வீட்டுச் செல்லம் மாவீரன் கருவாயனுக்கு வீரவணக்கம்’. அடேயப்பா! கருவாயன் விலா எலும்பு தெரிகிற செவலைத் தெருநாய். வாய் மட்டும் கருப்பு, ஒரு காது பாதிதான் இருக்கும். செல்லம் என்று பேனர் போட்டவன் வீட்டில் அதற்குக் கிடைத்ததெல்லாம் கல்லடி. சோறு போட்டது நான்.

லியோன் என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார். என் மகள் அனிஷா தருமபுரியில் நர்சிங் படிக்கிறாள். காலை ஆறு பத்து பஸ்ஸைப் பிடிக்க லியோனுடைய மரவள்ளிக் காட்டு வரப்பில்தான் ரோட்டுக்குப் போவாள். அதை விட்டால் இரண்டு கிலோமீட்டர் சுற்று. கருவாயன் தினமும் அவளுக்கு முன்னால் ஓடும். பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் திரும்பும். யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

காட்டுப்பன்றி கிழங்கைத் தோண்டுகிறது என்று லியோன் காட்டைச் சுற்றி, வரப்புக்குக் குறுக்கேயும் கம்பி இழுத்திருந்தான். மோட்டார் ரூமிலிருந்து திருட்டுத்தனமாக அதற்குக் கரண்டு கொடுப்பான். சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டு, விடியற்காலை ஐந்தரைக்கு நிறுத்துவான். எனக்கும் அது தெரியும். தவறாமல் நிறுத்திவிடுவான் என்று நம்பி மகளை அனுப்பினேனே, என்னைத்தான் முதலில் செருப்பால் அடிக்க வேண்டும்.

தை மாதப் பனியில் ஒருநாள் அந்த மகராசன் நன்றாகத் தூங்கிவிட்டான். அனிஷா செருப்பு வாரை மாட்டக் குனிந்ததில் பத்தடி பின்தங்கினாள். முன்னால் போன கருவாயன் ஒரே கத்தல் கத்திவிட்டு விழுந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அதன் முன்னங்கால் கருகிக் கிடந்தது. முடி பொசுங்கிய நாற்றம். என் மகள் அசையாமல் நின்றாள்.

அவளை வீட்டில் விட்டுவிட்டு வருவதற்குள் கம்பியைக் காணோம். லியோன் ஒரு குச்சியில் செத்த பாம்பைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

“கண்ணாடிவிரியன் அண்ணி! நம்ம கருவாயன் பாப்பாவ கடிக்க வுடாம சண்ட போட்டு உசுர வுட்டுருச்சு!”

அது சாரைப்பாம்பு. போதாக்குறைக்கு, ஏதோ லாரி ஏறி நசுங்கிக் காய்ந்துபோன சாரை. சின்னப் பிள்ளை பார்த்தால்கூடச் சிரிக்கும். ஆனால் ஊரில் ஒருவர் சிரிக்க வேண்டுமே? பாதிப் பேர் காட்டில் இதே கம்பிதான் இருக்கிறது. பாம்பு என்றதும் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

“கருகுன கால நான் கண்ணால பாத்தேன். இனிமே அந்தக் கம்பிய இழுக்காதப்பா,” என்று அவன் வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

“எந்தக் கம்பி அண்ணி?” என்றான் கூசாமல். “கேஸு கீஸுன்னு போனா நம்ம குடும்ப மானந்தான் போவும். வுடுங்க. கருவாயனுக்கு ஜம்முனு ஒரு கல்லு வெக்கிறன்.”

அவன் மனைவி இசபெல்லா காபி கொண்டு வந்து வைத்தாள். நான் தொடவில்லை.

மறுநாள் சாயங்காலமே கம்பி திரும்ப ஏறிவிட்டது. அனிஷா வரப்பில் கால் வைக்க மாட்டேன் என்றாள். சுற்றிப் போனதில் அந்த வாரம் மட்டும் மூன்று நாள் பஸ்ஸை விட்டாள். கடைசியில், “எனக்கு காலேஜே வேணாம்மா,” என்று புத்தகப் பையை மூலையில் வைத்துவிட்டாள். அவளைப் படிக்க வைக்கத்தானே அந்த மனுஷன் வெயிலில் சாரத்தில் நின்று செங்கல் அடுக்குகிறார்?

கல் திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு என்று அறிவித்தார்கள். பங்களாக் கட்டுகிறவன் போல லியோன் பாலிஷ் போட்ட கருங்கல்லை ரோட்டோரம் நட்டிருந்தான். பந்தல், மைக் செட், யூடியூப் கேமரா, எல்லாம் இருந்தது. கட்சிக்காரர் ஒருவர் தலைமை. நான்கு மணி விழாவுக்கு அவர் வெள்ளைச் சட்டை கசங்காமல் ஆறேகாலுக்கு வந்து இறங்கினார். வந்ததும் நாயின் நன்றி பற்றிப் பேசினார். நாயின் பெயரைக் கேட்டுக் கேட்டுப் பேசினார். லியோன் மைக்கை வாங்கி, கருவாயனைத் தன் கையால் பால் ஊற்றி வளர்த்த கதையைச் சொன்னான். துண்டால் கண்ணைக்கூடத் துடைத்தான். நிஜக் கண்ணீர்தானா என்று நான் எட்டிப் பார்த்தேன். துண்டு நனையவில்லை.

பிறகு பெண்ணின் தாய் என்று என்னைக் கூப்பிட்டு மாலையைக் கொடுத்தார்கள். மணி ஆறரை ஆகப் போகிறது. எனக்கு அப்போதுதான் புத்தி வேலை செய்தது.

“ஐயா,” என்று கட்சிக்காரரைப் பார்த்துச் சொன்னேன். “இந்தக் கல்லுக்கு மாலை எதுக்குங்க? அது செத்த எடம் இதோ வரப்புலதான் இருக்குது. அங்கயே போட்டுட்டு வந்துரலாம், வாங்க.”

“அருமைம்மா!” என்றார் அவர். கேமராக்காரர் முன்னால் ஓடினார். நான் அவரைத் தாண்டிப் போய், கையை விரித்து எல்லோரையும் பின்னால் நிறுத்திக்கொண்டே நடந்தேன். கம்பிக்கு எட்டடி முன்னால் நின்றேன்.

“நீங்க முன்னால போங்க லியோன் தம்பி,” என்றேன். “பாலு ஊத்தி வளத்தவரு நீங்கதானே.”

லியோன் மோட்டார் ரூமைப் பார்த்தான். அங்கே சிவப்பு லைட் எரிந்தது. புருஷன் விழாவில் இருக்கிறாரே என்று இசபெல்லா வழக்கம்போல ஆறு மணிக்கு ஸ்விட்சைப் போட்டிருந்தாள். பாவம், அவளுக்கு யார் சொன்னார்கள்? அதற்குள் கட்சிக்காரர், “நானே போடுறேன், குடும்மா,” என்று என்னைச் சுற்றிக்கொண்டு காலை எடுத்து வைத்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“ஐயா, போவாதீங்க! கால வெக்காதீங்க! கம்பில கரண்டு இருக்குது!”

அலறியது லியோன். கையில் மைக் இருந்ததை மறந்துவிட்டான். மைக் செட்டின் இரண்டு குழாயிலும் அவன் குரல் ஊர் முழுக்கக் கேட்டது. வீட்டில் படுத்திருந்த அனிஷாவுக்கும் கேட்டிருக்கிறது. எழுந்து ஓடி வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள்.

கட்சிக்காரர் முகம் வெளுத்துக் கல்லைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார். இசபெல்லா ஓடிப்போய் ஸ்விட்சை நிறுத்தினாள். லியோனே எல்லோர் முன்னாலும் கம்பியை அறுத்துச் சுருட்டினான். பாம்புக் கதையை நம்பிய பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் காட்டுப் பக்கம் வேகமாக நடையைக் கட்டினார்கள்.

“இப்ப திருப்திதானா அண்ணி?” என்றான் லியோன்.

“தெனமும் காலைல ஆறு மணிக்கு என் புள்ள இதுல நடக்குதுன்னு உனக்குத் தெரியும்,” என்றேன். “வெள்ளச் சட்டக்காரரு ஒரு அடி வெச்சதுக்கு இந்தக் கத்து கத்துற. என் புள்ளைக்காக நாய்தானடா கத்துச்சு!”