மாமியாரின் அடுப்பு

ஒட்டடைக்குச்சிக்கு இப்போது ஐம்பது வயது. அந்தப் பட்டப்பெயருக்கேற்ற உடம்பு எப்போதோ விடைபெற்றுப் போய்விட்டது. ஃப்ரிட்ஜ் கொள்ளாமல் சாப்பாடு இருக்கிறது. ஆனாலும் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டது எப்போது என்று கேட்டால், கல்லூரி நாட்களில் மூன்று பேர் ஒண்டிக்கொண்டிருந்த வாடகை அறையைத்தான் சொல்வாள். கை எப்போதும் வறண்டே கிடந்த காலம் அது. அதை நினைத்தால் இன்றும் அவளுக்கு ஏக்கமாக இருக்கும்.

அந்த மூவரில் சமையல் பொறுப்பு மாமியாருடையது. கல்யாணமே ஆகாத பெண்ணுக்கு அந்தப் பெயர் வாங்கித் தந்தது அவள் வாய்தான். வெங்காயத்தை ஒரு சுற்று அதிகமாக உரித்துவிட்டால் போதும், "உங்கப்பா வெங்காயத் தோட்டமா வெச்சிருக்காரு?" என்பாள். கடைக்காரர்கள் தார்ப்பாயைச் சுருட்டும் நேரம் பார்த்துத்தான் சந்தைக்குக் கிளம்புவாள். பேரமெல்லாம் கிடையாது. அடிபட்ட தக்காளியைக் கையில் எடுத்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். இரண்டாவது பெருமூச்சில் கடைக்காரர் இறங்கிவந்துவிடுவார். காலிஃபிளவர் வாங்கினால் பூ இன்றைக்கு, தண்டும் இலையும் நாளைக்கு. காலையில் ஊறப்போட்ட பயறு மாலையில் பூப்போல வெந்திருக்கும். மூன்றாமவளான தூங்குமூஞ்சி அந்த வாசனைக்கு மட்டும் யாரும் எழுப்பாமலே எழுந்து உட்காருவாள்.

கடைசிப் பருவம் தொடங்கிய வாரத்தில் மாமியாரின் அப்பா வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். அவள் படிப்புக்கு உதவித்தொகை இருந்தது, வாடகைக்கு டியூஷன் இருந்தது. சாப்பாட்டுக்கு வந்த பணம்தான் நின்றுபோனது.

"நான் வீட்டுக்கே போயிடறேன்" என்றாள்.

"நாங்க சாப்பிடறதுல உனக்கு ஒரு பங்கு கிடைக்காதாடி?" என்று கேட்டாள் ஒட்டடைக்குச்சி.

"சும்மா உக்காந்து சாப்பிட்டா எனக்குத் தொண்டைல இறங்காது. விட்டுடு."

ஒட்டடைக்குச்சிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக முட்டின. வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிறவள், போயும் போயும் ஒரு தட்டுச் சோற்றுக்காகப் படிப்பை விடுவதா? அந்த அழுத்தக்காரியிடம் வாதாடி யார் ஜெயித்தார்கள்?

மறுநாள் மாமியார் ஊருக்குக் கிளம்பத் துணிகளை மடிக்க, மற்ற இருவரும் அடுப்போடு மல்லுக்கட்டினார்கள். பயறு கல்லாகவே கிடந்தது. பாத்திரம் மட்டும் அடிப்பிடித்து, மாடி முழுக்கப் புகை. பக்கத்து அறைப் பெண்கள் நான்கு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"தினமும் இங்கேருந்து வர்ற வாசனைலதான் நாங்க கேன்டீன் சாப்பாட்டையே முழுங்கறோம். இன்னிக்கு என்ன ஆச்சு?" என்றாள் ஒருத்தி.

ஒட்டடைக்குச்சிக்குப் பளிச்சென்று பட்டது. "கேன்டீன்ல குடுக்கற காசை இங்க குடுங்க. இவ சமைச்சுப் போடுவா. சமைக்கிற ஆளுக்குச் சாப்பாடும் கூலியும் அதுலயே."

நால்வரும் உடனே தலையாட்டினார்கள். மாமியார் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு வந்து பாத்திரத்தைத் திறந்தாள்.

"பயறை ஊறவெச்சீங்களா?"

"ஊறணுமா?" என்றாள் தூங்குமூஞ்சி.

"ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போங்க" என்று கரண்டியைப் பிடுங்கினாள். திட்டு வாங்கியதில் ஒட்டடைக்குச்சிக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தப் பருவம் முழுக்க மாமியார் ஏழு பேருக்குச் சமைத்தாள். தன் உழைப்பில் தான் சாப்பிட்டாள். எல்லோருக்கும் போட்டுவிட்டு, அடுப்படியில் நின்றபடியே கடைசியாகச் சாப்பிடுவாள்.

கடைசித் தேர்வு முடிந்த அன்று அறைத்தோழிகள் இருவரும் அவளை அடுப்புப் பக்கமே விடவில்லை. தங்கள் காசில் வாங்கி, தாங்களே சமைத்து, அவளை உட்காரவைத்துப் பரிமாறினார்கள். சோறு குழைந்திருந்தது, காய் வேகவில்லை. மாமியார் தட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிசைந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தாள்.

இருவரும் திட்டுக்குத் தயாராக நின்றார்கள். அவள் நிமிராமல் தட்டை மட்டும் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் போடு."