லட்டுவின் முதுகெலும்பு

செம்பூரில் நாய்களுக்கு எலும்பு ஆபரேஷன் செய்யும் டாக்டர் ஷைனிக்கு அன்று மத்தியானத்துக்குள்ளேயே கை ஓய்ந்துவிட்டது. ஒரு லாப்ரடாரின் தொடை எலும்பைச் சேர்த்து முடித்து, அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தபோதுதான் மாட்டுங்காவிலிருந்து லட்டுவைக் கொண்டுவந்தார்கள். வெள்ளை ஸ்பிட்ஸ் நாய். இஸ்திரிப் பலகைமேல் படுக்கவைத்துப் போர்வையால் கட்டியிருந்தார்கள். பலகையின் ஒரு முனையை பாங்க்கில் வேலைபார்த்து ரிட்டையரான ஹரியும் மறுமுனையை அவர் மனைவி பாகீரதியும் பிடித்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"ரெண்டாவது மாடிலேர்ந்து விழுந்துடுத்து டாக்டர். இவ கிரில்லைத் திறந்து போட்டுட்டு வடாம் காய வெச்சிண்டிருந்தா. இது காக்காயைப் பார்த்துத் தாவிடுத்து," என்றார் ஹரி.

பாகீரதி லட்டுவின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஷைனி பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்தினாள். கால் அசையவில்லை. இன்னும் பலமாக அழுத்தியதும் லட்டு மெல்லத் தலையைத் திருப்பி முனகியது.

"வலி தெரியுது. அதுவரைக்கும் நல்லது," என்றாள் ஷைனி.

எக்ஸ்ரேயில், முதுகும் இடுப்பும் சேரும் இடத்தில் ஒரு எலும்பு உடைந்து விலகி நின்றது.

"விலகினதை நேராக்கி அசையாம நிறுத்தணும் சார். ஆனா நடக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

இதையே எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. நடக்காத நாயைச் சில வாரம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்து, ஊசி போட்டு முடித்துவிடச் சொன்னவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்லவும் அவளுக்கு மனசு வராது.

"பண்ணிடுங்கோ," என்றார் ஹரி. சற்றுப் பொறுத்து, "பண்ணிடுங்கோ டாக்டர்," என்றாள் பாகீரதி, அவர் சொன்னது காதில் விழாதவள்போல.

மயக்க மருந்து கொடுக்கும் ஃபர்ஸானாவைக் கூப்பிட்டு ஷைனி அப்போதே ஆரம்பித்தாள். தகடு வைத்து முடுக்கிவிடலாம் என்று நினைத்திருந்தாள். முதுகைத் திறந்து சதையை ஒதுக்கிப் பார்த்தால் எலும்பு நொறுங்கிக் கிடந்தது. தகடு உட்கார இடமில்லை. விலகிய பகுதியைக் கவ்விப் பிடித்து மெதுவாகத் தூக்கி நேராக்கினாள். உடைந்ததற்கு முன்னும் பின்னும் இருந்த நல்ல எலும்புகளில் ஸ்க்ரூக்களை ஏற்றினாள். துளையின் சாய்வு கொஞ்சம் தப்பினாலும் முனை தண்டுவடத்துக்குள் போய்விடும். ஒவ்வொன்றுக்கும் மூச்சை அடக்கிக்கொண்டாள். ஸ்க்ரூத் தலைகளை வெளியே நீட்டியபடி விட்டு, எலும்பு சிமெண்டைப் பிசைந்து எல்லாவற்றையும் சேர்த்து அப்பினாள். அது இறுகும்போது சூடேறும். நரம்பு வெந்துவிடக் கூடாதே என்று குளிர்ந்த உப்புநீரை விட்டுக்கொண்டே நின்றாள். இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது.

"உன் முதுகுக்கும் கொஞ்சம் சிமெண்ட் போடலாம்," என்றாள் ஃபர்ஸானா இந்தியில். ஷைனிக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

அதன்பிறகு லட்டுவைப் பார்க்க பாகீரதி காலையில் வந்தாள், ஹரி சாயங்காலம் வந்தார். கால் இன்னும் அசையவில்லை, மூத்திரப்பையை நாம்தான் அமுக்கி விடவேண்டும் என்று ஷைனி எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது.

"வீட்டுல பேசிக்க மாட்டீங்களா சார்?" என்று ஒருநாள் பொறுமையிழந்து கேட்டுவிட்டாள்.

ஹரி வாசல்பக்கம் பார்த்தார். "அன்னிக்கு அவமேல பழியைப் போட்டது தப்புதான். அவ அழுது முடிக்கட்டும்னு பார்க்கறேன். இன்னும் அழுகை நிக்கல."

வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டு பேரையும் சேர்ந்து வரச் சொன்னாள். லட்டுவின் வயிற்றுக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்து, "ஒருத்தர் இதைத் தூக்கிப் பிடிக்கணும். இன்னொருத்தர் முன்னாடி நின்னு கூப்பிடணும். தனியாப் பண்ணினா முதுகு திருகிடும்," என்றாள்.

ஹரி துண்டைப் பிடித்தார். பாகீரதி முன்னால் போய் உட்கார்ந்து, "வா லட்டு," என்றாள். பிறகு தலை நிமிராமலே, "ரொம்பத் தூக்கறேள். பாதம் தரைல படணும்," என்றாள்.

"சரி," என்றார் ஹரி. துண்டைத் தாழ்த்தினார்.

அடைமழைக் காலத்தில் மறுபடி வந்தார்கள். லட்டு பழையபடி ஓடவில்லை. பின்பக்கம் ஆடியது, பாதம் மடங்கியது, அங்கங்கே மூத்திரம் சொட்டியது. ஆனாலும் ஆஸ்பத்திரி நடையில் துண்டில்லாமல் நாலடி வைத்து, விழுந்து, தானே எழுந்தது. டாக்ஸியில் நாயை யார் மடியில் வைத்துக்கொள்வது என்று ஹரியும் பாகீரதியும் வாசலில் நின்று உரக்கச் சண்டை போட்டார்கள்.

ஷைனி சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே டிராம்பேயிலிருந்து வந்த வேறொரு நாய் காத்திருந்தது. ஃபர்ஸானா இரண்டுமுறை கூப்பிட்டுவிட்டாள். "வர்றேன்," என்று சொல்லிவிட்டு, டாக்ஸி கிளம்பும்வரை அவள் அங்கேயே நின்றாள்.